சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு மலையூர்: பழைய வரைபடங்களில் போடிநாயக்கனூர்

1/
இரவு பதினோரு மணி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் கால் எலும்பு முறிந்த ஒரு பெரியவர். சீட்டு எழுத ஊர் கேட்டேன்.
"சென்ட்ரல் ஸ்டேஷன்."
"சென்னையாய்யா?"
தூக்கிட்டு வந்த நாலு பேரும் சிரிச்சுட்டாங்க. வலியோட பெரியவரும் சிரிச்சார். "இல்ல தம்பி. மேல, கொட்டகுடி மலையில."

2/
ரயிலே போகாத மலையில் எப்படி ஒரு 'ஸ்டேஷன்'? அந்தக் கேள்விதான் என்னைப் பழைய வரைபடங்களுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு. போடிநாயக்கனூர் பற்றி நீளமான த்ரெட் இது. டீ போட்டு வச்சுக்கிட்டு உட்காருங்க. ஏலக்காய் தட்டிப் போட்டா இன்னும் பொருத்தம்.
(நோயாளியை அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
டாக்டருக்கும் வரைபடத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிஞ்சா நாங்க முதலில் கேட்பது "பழைய ஃபிலிம் இருக்கா?" என்றுதான். ஒரு ஃபிலிம் இன்றைய நிலையை மட்டும் காட்டும். இரண்டைப் பக்கத்துல வச்சாத்தான் எது புதுசு, எது பழைய தழும்பு, எது வளருதுன்னு தெரியும். ஊருக்கும் அதே கணக்கு.

4/
எங்க தொழில்ல இதுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறப்பு நடந்த வீடுகளைத் தெரு வரைபடத்தில் குறித்தார். கோடுகள் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றிக் குவிந்தன. கிருமியைக் கண்ணால் பார்க்காமலே, தண்ணீர்தான் காரணம் என்று காட்ட அந்தத் தாள் உதவியது.

5/
இப்போ நம்ம ஊர். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டரில், மலை அடிவாரத்தில் இருக்கு. மேலே டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டரைத் தாண்டும். ரெண்டுக்கும் நேர்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. இந்த 20 கிலோமீட்டரை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வருவோம்.

6/
சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குலத் தாள்கள் கேள்விப்பட்டிருக்கீங்களா? தரையில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம். நாட்டை 4 டிகிரிக் கட்டங்களாகப் பிரிச்சு எண் கொடுத்திருக்காங்க. நம்ம கட்டம் 58. அதை 16 எழுத்துகளாகவும், ஒவ்வொரு எழுத்தையும் 16 தாள்களாகவும் பிரிக்கணும். போடி இருப்பது 58 எஃப்/8.

7/
இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வடக்கு 10 டிகிரி அட்சரேகை போடிக்குச் சற்றுத் தெற்கே ஓடுது. தாளும் அங்கேயே முடிஞ்சுடும். சிலமலைப் பக்கம் பார்க்க 58 ஜி/5 வேணும். மேற்கே டாப் ஸ்டேஷன் பக்கம் போக 58 எஃப்/4 வேணும். பூப்பாறை பக்கம் பார்க்க 58 ஜி/1. ஆக, நாலு தாள் கூடும் முக்கு போடிமெட்டுக்கு அருகில்தான்.

8/
ஊர் இருக்கும் தாளை மட்டும் விரிச்சா போடி கடைசி ஊர் மாதிரித் தெரியும். மலையில் முட்டிக்கிட்டு நிக்கும். நாலு தாளையும் தரையில் ஒட்டி விரிச்சுப் பாருங்க. அது கடைசி ஊர் இல்லை, வாசப்படின்னு புரியும். கிழக்கே இருந்து வரும் பாதைகள் இங்கே கூடி, இங்கிருந்துதான் மலைக்கு ஏறுது.

9/
ஊர்ப் பெயர்களை மட்டும் படிச்சாலே கதை வரும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு. அடிவாரத்து ஊர் ஒவ்வொண்ணுக்கும் மேலே ஒரு மெட்டு. மெட்டைத் தாண்டினா பூப்பாறை, சின்னக்கானல், சூரியநெல்லி, உடும்பன்சோலை, வண்டன்மேடு. பாறை, கானல், சோலை, மேடு எல்லாம் நம்ம காதுக்குப் பழகிய சொற்கள். நிலம் யாருக்குன்னு இதை வச்சு சண்டை போட வேண்டாம். யார் நடந்து போனாங்கன்னு மட்டும் இது சொல்லுது.

10/
இந்த மலைகளைக் கருவி வச்சு அளந்தது எப்போ? 1802-இல் வில்லியம் லாம்ப்டன் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவீட்டைத் தொடங்கினார். ஒரு கோட்டை மட்டும் சங்கிலியால் துல்லியமா அளந்துட்டா, அப்புறம் கோணங்களை வச்சே முக்கோணம் முக்கோணமா நாடு முழுக்கப் போகலாம். மலையுச்சிதான் அதற்கு மேடை.

11/
நம்ம பக்கம் வேலை செய்தவர் பெஞ்சமின் ஸ்வைன் வார்டு. இவரும் பீட்டர் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார்கள். அடுத்து 1821-இல் வார்டு பழனி மலையில் ஏறினார். மதுரை, திண்டுக்கல் சீமைகள் பற்றியும் அவர் குறிப்பு எழுதியிருக்கிறார். மலையின் ரெண்டு பக்கத்தையும் பார்த்தவர் என்பதுதான் முக்கியம்.

12/
படத்தில் ஒரு கோடு போடுவது லேசு. ஆனா அந்தக் கோட்டுக்காகக் காட்டை வெட்டி வழி போட்டவங்க, சங்கிலி இழுத்தவங்க, உச்சியில் கொடி பிடிச்சு நின்னவங்க இருந்தாங்க. தாளின் மூலையில் அதிகாரி பெயர் இருக்கும். இவங்க பெயர் இருக்காது.

13/
அவங்களை வாட்டியது 'காட்டுக் காய்ச்சல்'. பெரும்பாலும் மலேரியா. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1819-இல் கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவே காட்டில் அளந்தபோது காய்ச்சலில் விழுந்தார். உடம்பு தேற 1820-இல் தென்னாப்பிரிக்காவுக்கே போக வேண்டியிருந்தது. அதிகாரிக்குக் கப்பல் இருந்தது. சங்கிலி பிடித்தவருக்கு?

14/
அன்னைக்குக் கெட்ட காற்றால் காய்ச்சல் வருதுன்னு நம்பினாங்க. மலேரியா என்ற சொல்லுக்கே பொருள் அதுதான். கொசுவுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்ட் 20. இந்த மலைகள் அளக்கப்பட்டு எண்பது வருஷம் கழிச்சு.

15/
அதே 1897 ஆகஸ்டில் இந்த மலைக்கும் ஒரு காகிதம் பிறந்தது. திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் காப்புக்காடு அறிவிப்பு. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறது இன்னொரு தரப்பு. முன்னால ஒரு '2' இருக்கா இல்லையா என்பதுதான் சண்டை. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு.

16/
மருந்துச் சீட்டில் 0.5-ஐ 5 என்று படிச்சா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். இங்கே அந்த ஒரு எண்ணில் தொங்குவது ஆயிரக்கணக்கான தோட்டங்களின் பட்டா, மரம் வெட்டும் உரிமை, காட்டின் பாதுகாப்பு. நூறு வருஷத்துக்கு முந்தைய தாள் செத்துப்போன தாள்னு நினைக்காதீங்க.

17/
ஏலக்காய்க்கு ஏன் இந்த மலை? வெயில் நேரா விழக்கூடாது, ஈரம் குறையக்கூடாது, ஆனா தண்ணி தேங்கக்கூடாது. பெரிய மரங்களோட நிழலுக்குக் கீழே வளரும் செடி. அதனால் காட்டை முழுசா அழிக்காமல் கீழ்ச்செடிகளை மட்டும் நீக்கி வளர்த்தாங்க. மலையோ திருவிதாங்கூருக்கு. வேலை செய்தவர்கள், முதல் போட்டவர்கள் பலரும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஏறியவர்கள்.

18/
காய் கீழே இறங்கியது. கடை, கிட்டங்கி, தரம் பிரிக்கும் இடம், தரகு எல்லாம் அடிவாரத்தில் வளர்ந்தது. இன்னைக்கும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் மேலே புற்றடியிலும், கீழே போடியிலும் நடக்குது. விளைவது ஒரு மாநிலம், விலை பேசுவது ரெண்டு மாநிலம். 'ஏலக்காய் நகரம்' என்ற பெயர் போடிக்குச் சும்மா வரலை.

19/
இப்போ 'ஸ்டேஷன்' விஷயத்துக்கு வருவோம். 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். இவர் ஏலமலைக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர். பிறகு அங்கே தேயிலை வந்தது. தேயிலை விளைஞ்சாச்சு. கப்பலுக்கு எப்படிக் கொண்டுபோவது?

20/
மேற்கே கொச்சிப் பக்கம் காடும் ஆறும். கிழக்கே செங்குத்தான சரிவு, ஆனா அதுக்குக் கீழே சமவெளி. கிழக்கையே தேர்ந்தெடுத்தாங்க. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியா டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டாங்க. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், சமநிலைக்கு இன்னொரு சக்கரம் சாலையில். இழுத்தது மாடு!

21/
1908-இல் அது இரண்டடி அகல குட்டி ரயிலா மாறியது. டாப் ஸ்டேஷனில் ரயில் நிற்கும். அதற்குமேல் பாதாளம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கிட்டு சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தன. மேல் முனை டாப் ஸ்டேஷன், அடி முனை பாட்டம் ஸ்டேஷன், நடுவில்... ஆமா, சென்ட்ரல் ஸ்டேஷன்.

22/
கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் சுமார் 15 கிலோமீட்டர் போடிக்கு. போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம். இன்னைக்கு நாம கொடைரோடுன்னு சொல்ற அதே நிலையம். அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம், அப்புறம் இங்கிலாந்து. லண்டன் கோப்பைக்குப் போன மூணாறு டீ நம்ம போடி மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கு.

23/
1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099. கேரளத்தில் இன்னைக்கும் '99 வெள்ளம்' என்பார்கள். மலை சரிந்து, பாலங்கள் போய், குட்டி ரயில் பாதை அழிந்தது. திரும்பப் போடவே இல்லை. மூணாறு போனா அதன் மிச்சங்களை இன்னும் பார்க்கலாம்.

24/
ரயில் போச்சு. ரோப்வேயும் போச்சு. பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு. வரைபடத்தில் பெயர் ஒரு தழும்பு மாதிரி. காயம் ஆறின பிறகும் 'இங்கே ஒரு ஆபரேஷன் நடந்திருக்கு'ன்னு சொல்லும். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறுபவர்கள் இன்னைக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போறாங்க.

25/
கீழே போடிக்கு 1928-இல் நிஜ ரயில் வந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ். இரண்டாம் உலகப் போரில் பாதை கழற்றப்பட்டது. 1950-களில் மீண்டும் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். ஓரிரு வருஷத்தில் வந்துடும்னு எதிர்பார்த்தோம். போடிக்குத் திரும்ப ரயில் வந்தது 2023 ஜூன் 15.

26/
ஆக, 1935-இல் போடியில் ரயில் உண்டு. 1945-இல் இல்லை. 1960-இல் உண்டு. 2015-இல் இல்லை. இப்போ உண்டு. ஒரே ஒரு வருஷத்துப் படத்தை வச்சு 'இந்த ஊர் இப்படித்தான்'னு முடிவு கட்டினா தப்பாகிடும்னு சொல்றேனே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

27/
எல்லைக்கோடு இன்னொரு பாடம். முன்னே அது சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவே. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு சென்னை மாநிலத்துக்கும் கேரளத்துக்கும் நடுவே. தேவிகுளம், பீர்மேடு தங்களுக்கு வேண்டும் என்று தமிழர்கள் போராடிய காலம் அது. அவை கேரளத்தோடு இருந்தன. செங்கோட்டையும் கன்னியாகுமரியும் இந்தப் பக்கம் வந்தன.

28/
தாளில் அந்த எல்லை புள்ளியும் கோடுமா மலை முகட்டில் ஓடும். தரையில்? தினமும் விடியலில் போடி, தேவாரம், கம்பம் பகுதியிலிருந்து ஜீப்புகளில் பெண்கள் ஏலத் தோட்டத்துக்கு ஏறுறாங்க. சாயங்காலம் இறங்குறாங்க. வளைவில் ஜீப் கவிழ்ந்தா எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதைவிட எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்பதுதான் முக்கியம். அதை எந்தப் படமும் காட்டாது.

29/
படம் சொல்லாமல் விடும் இடங்களையும் பார்க்கணும். போடி நாயக்கர் காலத்துப் பாளையம், பிறகு ஜமீன். வயலுக்கு வயல் எண் போட்ட அளவு ரயத்துவாரி கிராமங்களில் நடந்தது போல ஜமீன் பகுதிகளில் பொதுவாக நடக்கவில்லை. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த வேலை முறையாக வந்தது. அதனால் பழைய தாளில் வெற்றிடம் இருந்தா அங்கே யாரும் இல்லைன்னு அர்த்தம் இல்லை. அளக்கலைன்னு அர்த்தம்.

30/
நீங்களும் உங்க ஊருக்குச் செய்து பார்க்கலாம். 1950-களில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட 1:2,50,000 இந்தியத் தாள்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் இலவசம். கிராம வரைபடமும் புல வரைபடமும் வருவாய்த் துறையில் கிடைக்கும். பழைய ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

31/
வழி ரொம்ப எளிது. இடம் மாறாத மூணு விஷயத்தை முதலில் பிடிங்க: ஒரு பழைய கோயில், கண்மாய்க் கரை, ஆறு திரும்பும் இடம். எங்க ஊருக்குக் கொட்டகுடி ஆறு. அந்த மூணையும் செயற்கைக்கோள் படத்தில் பொருத்துங்க. அப்புறம் மற்றது தானா விழும். எந்தக் கண்மாய் சுருங்கிருக்கு, எந்த ஓடை மேல தெரு வந்திருக்குன்னு அப்போ தெரியும். மழைக்கு எந்தத் தெருவில் தண்ணி நிக்கும், டெங்கு எங்கே கூடும்னும் கொஞ்சம் ஊகிக்கலாம்.

32/
ஒரு எச்சரிக்கை. ஒரு அங்குலத் தாளை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலித் தகராறுக்குப் போகாதீங்க. அந்த அளவில் ஒரு பேனாக் கோட்டின் தடிமனே பல அடி இருக்கும். அப்புறம் மண்டையில் தையல் போட நான்தான் நைட் டியூட்டி.

33/
இப்போ அந்த 20 கிலோமீட்டருக்கு வர்றேன். குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே வண்டிச் சாலை இல்லை. டாப் ஸ்டேஷன் பகுதி கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனா போடியிலிருந்து வண்டியில் போகணும்னா போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு சுத்தி, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அடுத்த மாநிலத்துக்குள் போய்த்தான் சொந்த ஊராட்சிக்குப் போக முடியும்.

34/
2018 மார்ச் 11 ஞாபகம் இருக்கும். குரங்கணி மலைத் தீயில் 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. காயம்பட்டவர்களைச் சரிவிலிருந்து ஆட்கள் இருட்டில் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. மலை தெரிஞ்ச உள்ளூர்க்காரங்கதான் முதலில் ஏறியவங்க. தீக்காயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு முக்கியம்னு சொல்லத் தேவையில்லை.

35/
நூறு வருஷத்துக்கு முன்னால இதே சரிவில் ஒரு தேயிலைப் பெட்டி அந்தரத்தில் நிம்மதியா இறங்கிச்சு. இன்னைக்கு ஒரு மனுஷன் இறங்க டோலி கட்ட வேண்டியிருக்கு. சாலை போட்டா காடு என்ன ஆகும் என்ற கேள்வியும் நியாயமானதுதான். சரிவும் காடும் இல்லாட்டி கொட்டகுடி ஆறும் இல்லை. சாலையா, ரோப்வேயா, மேலேயே ஒரு நர்ஸும் மருந்தும் இருக்கும் இடமா என்று பேசலாம். ஆனா 'அங்கே வழி போடவே முடியாது'ன்னு மட்டும் சொல்லாதீங்க. பழைய படம் கையில் இருக்கு.

36/
பெரியவரிடம் அடுத்த நாள் வார்டில் என் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியலை. நானே படிச்சுச் சொன்னேன். "டாப் ஸ்டேஷன்... இங்க கொட்டகுடி... நடுவுல உங்க ஊருய்யா." கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "எங்க தாத்தா பெட்டி ஏத்தி இறக்குன இடம்னு எங்கப்பா சொல்வாரு தம்பி. அது நெசமா படத்துல இருக்கா?"

37/
இருக்குய்யான்னேன்.
இப்போ சென்னை சென்ட்ரலில் ஏறினா ராத்திரியோட ராத்திரியா போடியில் இறங்கலாம். அந்த ரயிலும் 2023 ஜூன் 15-இல் தான் தொடங்கிச்சு. எங்க சென்ட்ரலில் இருந்து போடிக்கு வர மட்டும் நாலு பேர் தோள் வேணும். அவர் கட்டுப் போட்ட காலோட வீடு திரும்பியதும் அதே நாலு பேர் தோளில்தான்.

38/
உங்க ஊரில் இப்படிப் பொருந்தாத பெயர் ஏதாவது இருக்கா? குளமே இல்லாத 'குளத்துத் தெரு', சாவடி இல்லாத 'சாவடி பஸ் ஸ்டாப்'? கீழே எழுதுங்க. வீட்டில் வயசானவங்க இருந்தா இன்னைக்கே கேளுங்க. அவங்க நினைவில் இருப்பது எந்தத் தாளிலும் ஏறலை.
நைட் டியூட்டி இருக்கு, வரேன்.